நெடுந்தூர ஓட்டமும் திடீர் இதய மரணமும்: ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாரத்தானில் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் அது ஓடுகிறவர்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிடும். அனுப்புவது பெரும்பாலும் அம்மாவோ, மனைவியோ, கணவரோதான். கூடவே ஒரு வரி: "இதுக்குத்தான் சொல்றேன்."

நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், முதலுதவி கற்றிருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஆய்வுகளைப் படித்தும் இதய மருத்துவர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இப்போது மார்பில் வலியோ அழுத்தமோ இருந்து இதைத் தேடி வந்திருந்தால், மேலே படிக்க வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மாரத்தான் ஓடும்போது இதயம் நின்றுபோவது எவ்வளவு பேருக்கு நடக்கிறது?

நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த மாரத்தான், அரை மாரத்தான் பந்தயங்களை ஓர் ஆய்வு அலசியது. ஓடியவர்கள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். அதாவது 1,84,000 பேருக்கு ஒருவர். இந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. முழு மாரத்தானில் லட்சத்துக்கு 1 என்றிருந்த விகிதம், அரை மாரத்தானில் அதில் கால்பங்குதான் இருந்தது.

அதே குழு 2010 முதல் 2023 வரையான பந்தயங்களை மறுபடி எடுத்துப் பார்த்தது. இந்த முறை 2 கோடியே 93 லட்சம் பேர். விழுந்தவர்கள் 176. விகிதம் ஏறக்குறைய அதேதான், பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் விழுந்தவர்களில் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 71 பேர். பிறகு நூற்றுக்கு 34 பேர்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் இருக்கும் மிக முக்கியமான எண்கள் இவை இரண்டும்தான். விழுகிறவர்கள் அதே அளவில் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தியதும், நின்ற இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவி சீக்கிரம் வந்து சேர்ந்ததும்தான் சாவைப் பாதியாகக் குறைத்தன.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றா?

இல்லை. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. வலி இருக்கும், வியர்க்கும், ஆனால் ஆள் பெரும்பாலும் நினைவோடு பேசுவார். இதயம் நின்றுபோவது என்பது, இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குவது. மூளைக்கு ரத்தம் நின்ற சில நொடிகளில் நினைவு போய்விடும். ஆள் கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகங்குப்புற விழுவார். மாரடைப்பு முற்றி இந்த நிலைக்குக் கொண்டுபோகலாம். மாரடைப்பே இல்லாமலும் இது வரலாம்.

தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு எப்படி இதயநோய் வரும்?

ஓடுவதற்கு முன்பே வந்திருக்கலாம். உள்ளே இருந்தது ஓட்டத்தின்போது வெளிப்படுகிறது.

35 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பிறவியிலோ பரம்பரையிலோ வந்த கோளாறு. இதயத்தசை காரணமில்லாமல் தடித்துப்போவது, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் தவறான இடத்திலிருந்து புறப்படுவது, தசைக்கு நடுவே கொழுப்பும் தழும்பும் படர்வது, மின்னோட்டத்தில் மட்டும் பிழை இருப்பது. கடைசியாகச் சொன்னதில் பிரேதப் பரிசோதனையில்கூட ஒன்றும் தெரியாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் இதயத்தசை அழற்சியும் இந்த வயதில் முக்கியக் காரணம். 2007 நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டியில் ரயன் ஷே சுமார் ஒன்பது கிலோமீட்டரில் விழுந்து இறந்தார். வயது 28. அவருடைய இதயம் பெரிதாகி, தசையில் ஆங்காங்கே தழும்பு ஏறியிருந்தது பரிசோதனையில் தெரிந்தது.

35-ஐத் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து வரும் அடைப்புதான் பெரும்பங்கு. அமெரிக்காவில் ஓட்டத்தை மக்களிடம் கொண்டுபோனவர்களில் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஓடும்போது இறந்தார். வயது 52. இதயத்தின் குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது. "பார்த்தீர்களா, ஓட்டம் கொன்றுவிட்டது" என்று அன்று எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அவர் 35 வயதில்தான் ஓடத் தொடங்கினார் என்பதையும், அதுவரை கடுமையாகப் புகைபிடித்தார் என்பதையும், அவருடைய அப்பா 43 வயதில் மாரடைப்பில் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அப்பா போன வயதுக்குப் பிறகும் ஃபிக்ஸ் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகள் ஓட்டத்தால் கிடைத்தவையா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஓட்டம்தான் கொன்றது என்று சொல்ல அவருடைய கதையில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் ஓட்டம் இதயத்துக்குக் காப்பா, ஆபத்தா?

ஓடும் அந்த நேரத்தில் ஆபத்து கூடுகிறது, மீதி நாள் முழுக்கக் குறைகிறது. கூட்டிக் கழித்தால் லாபம் ஓடுகிறவருக்குத்தான்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்தச் சமயத்தில் இதயம் நின்றுபோகும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட 56 மடங்கு ஏறுகிறது. நன்றாகப் பழகியவருக்கு 5 மடங்குதான். முழு நாளையும் சேர்த்துப் பார்த்தால், பழகியவருடைய மொத்த ஆபத்து சோம்பி இருப்பவருடைய ஆபத்தில் 40 விழுக்காடு மட்டுமே.

ஆகவே நான் அதிகம் கவலைப்படுவது பத்து வருடமாக ஓடுகிறவரைப் பற்றி அல்ல. அலுவலகத்தில் நண்பர்கள் பெயர் கொடுத்தார்கள் என்று, ஆறு வாரத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராகும் 45 வயதுக்காரரைப் பற்றி. அவரை ஓடாதே என்று சொல்லமாட்டேன். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவேன்.

எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்?

ஓடும்போது வந்து, நின்றால் போய்விடும் எதையும் சந்தேகப்படுங்கள். மார்பில் வலிதான் வரவேண்டும் என்றில்லை. நெஞ்சின் மேல் யாரோ கை வைத்து அழுத்துவது போல, தொண்டை அடைப்பது போல, தாடையில் இழுப்பது போல, இடது தோளிலோ இரண்டு கைகளிலுமோ கனப்பது போல இருக்கலாம். நேற்றுவரை சிரமமில்லாமல் ஓடிய வேகத்தில் இன்று மூச்சு வாங்கினால் அதுவும் அறிகுறிதான். பெண்களுக்கு வெறும் அசதியாகவும் மூச்சுத்திணறலாகவும் மட்டுமே தெரியலாம்.

நாம் ஓடுகிறவர்கள், இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அசிடிட்டி, தூக்கமில்லை, புது ஷூ, வெயில். எங்களோடு ஓடிய ஒருவர், 48 வயது, மேட்டில் ஏறும்போது ஏறக்குறைய அதே இடத்தில் தினமும் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் நான் பக்கத்தில் இருந்தேன். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அவர் விரலால் அதைத் தொட்டுக்கொண்டு இருபது நொடி குனிந்திருந்துவிட்டு எழுந்து, "போலாம்" என்றார். கேட்டபோது, "நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, நின்னா சரியாயிடுது" என்றார். அந்த வாரமே ஆஞ்சியோ செய்தார்கள். முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த மனிதர் படித்தவர், பயந்தவரும் அல்ல. ஆனாலும் மூன்று வாரம் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு அறிகுறிகளுக்கு விவாதமே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது ஒன்று. ஒருமுறை நடந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த ஓட்டம் கூடாது. இன்னொன்று வீட்டுச் சரித்திரம். நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென்று இறந்திருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தும் மூழ்கியிருந்தால், காரணம் தெரியாமல் வண்டி மோதிப் போயிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். "தூக்கத்திலேயே போயிட்டார், புண்ணியவான்" என்று வீட்டில் சொல்லப்படும் சாவுக்குப் பின்னால் பரம்பரை இதயக் கோளாறு இருந்திருக்கலாம்.

ஓடி முடித்து நின்றதும் தலைசுற்றி விழுந்தேன். அதுவும் இதயமா?

பெரும்பாலும் இல்லை. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குக் குறைந்து, கண் இருட்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். அதனால்தான் முடித்தபிறகு நடந்துகொண்டே இருங்கள் என்று சொல்வது.

தெளியாமல் உளறினால், தள்ளாடினால் வேறு இரண்டு ஆபத்துகளை நினைக்க வேண்டும். ஒன்று வெப்பத்தாக்கு: உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். இன்னொன்று, தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. குழம்பிய நிலையில் இருப்பவர் வாயில் மேலும் தண்ணீர் ஊற்றுவது அவரைக் கொல்லக்கூடும்.

பதிவு செய்வதற்கு முன் என்ன பரிசோதனை எடுக்கலாம்?

40 வயதைத் தொட்டவர், அல்லது பிபி, சுகர், கொழுப்பு, புகை, குடும்ப வரலாறு இவற்றில் ஏதாவது உள்ளவர், பெரிய தூரத்துக்குப் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பிபி, சர்க்கரை, கொழுப்பு அளவு, ஒரு இசிஜி. இசிஜியில் சந்தேகம் வந்தாலோ, அறிகுறி இருந்தாலோ எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும். இடைநிலை ஆபத்தில் இருக்கும் நடுவயதுக்காரருக்கு, குழாயில் சுண்ணாம்பு படிவை அளக்கும் சிடி ஸ்கேன் சிலசமயம் முடிவெடுக்க உதவும்.

இளையவர்களுக்கு இசிஜி கட்டாயமா என்பதில் நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் கலந்துகொள்ள இசிஜி உள்ளிட்ட பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் அதன்பின் 89 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கேள்விகளும் உடல் பரிசோதனையும் போதும் என்ற நிலைப்பாடே மேலோங்கியிருக்கிறது. எல்லோருக்கும் இசிஜி எடுத்தால் நலமாக இருப்பவர்கள் பலர் வீணாக மிரட்டப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நீண்டகாலம் ஓடியவரின் நாடித்துடிப்பு ஓய்வில் 45 இருக்கும், இதயம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இசிஜி பழகாத கண்ணுக்கு விபரீதமாகத் தெரியும். ஆகவே பரிசோதனை எடுக்கும்போது வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

டிரெட்மில் டெஸ்ட் நார்மல். இனி கவலை இல்லைதானே?

கவலை குறைந்தது, தீரவில்லை. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் அது காட்டும். சிறிய படிவு அதில் தெரியாது, அதுவும் ஒருநாள் வெடித்துக் குழாயை அடைக்கலாம். போன மாதம் நார்மல் என்று வந்த ரிப்போர்ட், இன்று வந்த நெஞ்சு இறுக்கத்துக்குப் பதில் ஆகாது.

காய்ச்சல் விட்டு எத்தனை நாளில் ஓடலாம்?

காய்ச்சல், உடம்புவலி, மார்புச்சளி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது ஓடவே கூடாது. சில வைரஸ்கள் இதயத்தசைக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கும்; அந்த நேரத்தில் கடுமையாக உழைத்தால் மின்னோட்டம் தடம்புரளும். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓடிப்பார்க்கலாம். காய்ச்சல் முழுதாக விட்டு, மாத்திரையில்லாமல் சில நாள் நன்றாக இருந்தபின் நடையிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலுக்குப் பிறகு மார்புவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான களைப்பு இருந்தால் மருத்துவரிடம் போகாமல் ஷூவை எடுக்க வேண்டாம். அழற்சி என்று உறுதியானால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஓய்வு.

இதை மீறுவது பெரும்பாலும் பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில்தான். நான்கு மாதம் பயிற்சி, கட்டிய பணம், எடுத்த டிக்கெட், எல்லாம் சேர்ந்து தள்ளும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் இருங்கள். பந்தயம் அடுத்த வருடமும் வரும்.

கடைசி கிலோமீட்டரில் பாய்ந்து முடிப்பது தவறா?

ஆய்வுகளில் இதயம் நின்றவர்களில் பலர் பந்தயத்தின் கடைசிக் கால்பகுதியில்தான் விழுந்தார்கள். மணிக்கணக்கில் ஓடி, நீர் குறைந்து, உடல் சூடேறி, அட்ரினலின் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முடிவுக்கோடு தெரிந்ததும் இதயத்தை இன்னும் ஒருபடி மேலே விரட்டுகிறோம். பயிற்சியில் பலமுறை செய்து பழகியவர் பாயட்டும். பழகாதவர் அதே வேகத்தில் வந்து முடித்தால் இழப்பது ஒரு நிமிடம்கூட இருக்காது.

ஸ்மார்ட் வாட்ச் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

நம்பி இருக்காதீர்கள். மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரம் சிலசமயம் கால் அடி விழும் தாளத்தையே நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். இசிஜி எடுக்கும் வாட்ச்கள் துடிப்பின் ஒழுங்கின்மையைப் பிடிக்க உதவும், மாரடைப்பைப் பிடிக்காது.

வருடக்கணக்கில் நெடுந்தூரம் ஓடினால் இதயம் கெட்டுப்போகுமா?

முழு விடை இன்னும் இல்லை, ஆனால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும். மாரத்தான் முடித்த பலருக்கு ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறியிருக்கும். மாரடைப்பில் ஏறும் அதே புரதம். ஓடியவர்களுக்கு ஓரிரு நாளில் இறங்கிவிடும். பல ஆண்டுகள் கடுமையாகப் பயிற்சி செய்த நடுவயது ஆண்களில் சிலருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிவு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதும் கடுமையான பயிற்சியாளர்களிடம் சற்று அதிகம். ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்கில் அதிகமுறை கலந்துகொண்டவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஓட்டத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது வருத்தம். சோபாவில் உட்கார்ந்திருப்பதன் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆனால் ஓடுகிறேன், அதனால் பிபி மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் வேண்டாம் என்று தானாக நிறுத்துவது பெரும் தவறு.

பக்கத்தில் ஓடியவர் திடீரென்று விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்த ஒரு பதிலை மட்டும் உங்களோடு ஓடுகிறவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒருமுறை முடிவுக்கோட்டுக்கு நானூறு மீட்டர் முன்னால் எனக்கு முன்னே ஒருவர் விழுந்தார். கையை ஊன்றவில்லை. நெற்றி தார்ச்சாலையில் மோதிய சத்தம் கேட்டது. கால் இரண்டும் வெட்டி இழுத்தன. சுற்றி நின்ற நாலு பேரில் ஒருவர் "வலிப்பு, கையில சாவி குடுங்க" என்றார். பிறகு விழுந்தவர் வாயைத் திறந்து ஒருமுறை இழுத்தார், குறட்டை போல. "மூச்சு வருது, மூச்சு வருது, தண்ணி குடுங்க" என்றார் இன்னொருவர். அது மூச்சு அல்ல. இதயம் நின்றபின் சில நிமிடம் வரும் வெற்று இழுப்பு அது. மீன் கரையில் வாய் திறப்பது போல இருக்கும். விழுந்தவுடன் கைகால் வெட்டுவதும் மூளைக்கு ரத்தம் நின்றதால்தான். இந்த இரண்டையும் பார்த்து ஏமாந்து நிற்பதில்தான் உயிர் போகிறது.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் நாடி தேடி நேரம் போக்காதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீங்க ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க", இன்னொருவரைக் கைகாட்டி, "நீங்க ஏஇடி கொண்டுவாங்க" என்று சொல்லுங்கள். "யாராவது" என்று சொன்னால் யாரும் போகமாட்டார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைத்து, மேலே மறுகையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வரட்டும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம், நிறுத்த வேண்டாம். வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். இரண்டு நிமிடத்தில் கை தளரும், ஆள் மாற்றுங்கள்.

ஏஇடி வந்ததும் திறந்தால் அதுவே பேசி வழிகாட்டும். ஓடியவரின் மார்பு வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறியிருக்கும், கருவியோடு வரும் ஒட்டுத் தகடு (பேட்) ஒட்டாமல் வழுக்கும். டீ சர்ட்டைக் கிழித்து, மார்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். நாங்கள் முதல் பேடை ஈரத்திலேயே ஒட்டி, அது நழுவி, மறுபடி துடைத்து ஒட்டியதில் போன நொடிகள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அவர் பிழைத்தார். இரண்டாவது அதிர்வுக்குப் பிறகு விரல் அசைந்தது.

பந்தயம் நடத்துபவர்களிடம் என்ன கேட்கலாம்?

எத்தனை ஏஇடி, எந்தெந்தக் கிலோமீட்டரில், கடைசி ஐந்து கிலோமீட்டரில் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று கேளுங்கள். டோக்கியோ மாரத்தானில் ஏஇடியோடு சைக்கிளில் சுற்றும் குழுக்களே இருக்கின்றன. உங்கள் பங்குக்கு, மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கத்தை நிரப்புங்கள்: வீட்டுத் தொலைபேசி எண், எடுக்கும் மருந்து, ஒவ்வாமை. பெரும்பாலான அட்டைகளில் அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன.

இதயம் நின்று பிழைத்தவர் மறுபடி ஓடலாமா?

காரணத்தைப் பொறுத்தது. அடைப்பு காரணமாக இருந்து அதைச் சரிசெய்துவிட்டால், கண்காணிப்போடு படிப்படியாகத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பரம்பரைக் கோளாறு என்றால் சிலருக்குப் போட்டி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லலாம், சிலருக்குத் துடிப்பு தாறுமாறானால் தானாகவே மின்னதிர்வு கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் பொருத்திய பிறகு பேசி முடிவெடுக்கலாம். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தார். ஐசிடியோடு அடுத்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பினார். இத்தாலியில் அந்தக் கருவியோடு விளையாட அனுமதி இல்லாததால் அங்கிருந்த கிளப்பை விட்டு இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. ஒரே இதயத்துக்கு இரண்டு நாட்டு விதிகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

லேஸ் கட்டியவர் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் எங்களோடு ஓடுகிறார், பத்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. மேட்டில் நடக்கிறார். இடுப்புப் பையில் மாத்திரை இருக்கிறது. அது எந்தப் பையில் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.